வினாடி வினாவுக்குள் பாட் கூட்டம் புகுந்தால்: மொரீசியஸ் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு

வினாடி வினாவில் பிள்ளைகள் சேர்வதற்கான ஆட்ட எண்ணைத் திரையில் காட்டிப் பத்து வினாடிகூட ஆகியிருக்காது. கவிதா, தேவன், மீனா என்று வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். அப்புறம் திடீரென்று டோடோ1, டோடோ2, டோடோ3 என்று ஒரு வரிசை ஓட ஆரம்பிக்கும். இருபத்தெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு பெயர் நிற்கும். அதில் நாலைந்து வாயால் சொல்ல முடியாத வசவாக இருக்கும். உண்மையான பிள்ளைகளில் பாதிப் பேர் "மிஸ், உள்ளே போக முடியலை" என்பார்கள். லகர ளகர ழகர வேறுபாட்டுக்காக நீங்கள் இரவு உட்கார்ந்து செய்த பதினைந்து கேள்விகளும் அன்றைக்கு வீண்.

கஹூட், புளூக்கெட், கிம்கிட் போன்ற வினாடி வினா ஆட்டங்களை வகுப்பில் இப்போதுதான் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறோம். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துபவர்கள், கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறு வகுப்பு எடுப்பவர்கள், கனமழை எச்சரிக்கையால் பள்ளி மூடிய நாளில் ஸூமில் பாடம் நடத்துபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். கணினி அறிவு அதிகம் தேவையில்லை. ஆனால் வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

பாட் எப்படி உள்ளே வருகிறது

சாட்பாட் என்கிறோமே, அதே பாட்தான். மனிதன் செய்வதைத் தானாகச் செய்யும் சிறு நிரல். கஹூட்டில் சேர ஒரு பிள்ளைக்கு வேண்டியது இரண்டுதான்: ஆட்ட எண், ஒரு பெயர். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். சிறுவர்களுக்கு இந்த எளிமைதான் பிடிக்கிறது. ஓட்டையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பாட் அனுப்பும் இணையப் பக்கத்தில் யாராவது ஆட்ட எண்ணையும், எத்தனை பாட் வேண்டும் என்பதையும் தட்டினால் போதும். அந்தப் பக்கம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இணைப்பைத் திறந்து, ஒரு பெயரின் பின்னால் 1, 2, 3 என்று எண் ஒட்டி அனுப்பிக்கொண்டே இருக்கும். நூறு பெயர் வந்து சேரச் சில வினாடி போதும்.

இதில் கெடுவது மூன்று. இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பாட்கள் அந்த இடங்களை நிரப்பிவிட்டால் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். அடுத்து, பாட்கள் வாய்ப்புக்கு ஏதோ ஒரு விடையை அழுத்திக்கொண்டிருப்பதால், எந்தக் கேள்வியில் வகுப்பு தடுமாறியது என்று காட்டும் அறிக்கை பயனற்றுப் போகும். வாழைக்கும் வாளைக்கும் வித்தியாசம் தெரியாதவர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது அந்த அசிங்கமான பெயர்கள். ஆங்கில வசவைத் தடுக்கும் வடிகட்டி கிரியோல் வசவையும் பிடித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

முக்கியமான ஒன்றைப் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எங்கோ இருக்கும் யாரோ எண்ணை ஊகித்து வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஏழு இலக்க எண் என்றால் ஏறத்தாழ ஒரு கோடி வாய்ப்பு. அப்படி ஊகித்து உங்கள் வகுப்புக்குள் ஒருவர் வந்து விழுவது அரிது. பெரும்பாலும் எண் வகுப்புக்குள்ளிருந்துதான் வெளியே போகிறது. ஒரு பிள்ளை திரையைப் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டிருக்கும், அல்லது அதுவே இன்னொரு தாவலில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும். ஆகவே எண் வெளியே தெரியும் நேரத்தைக் குறைப்பதும், தலைகளை எண்ணுவதும்தான் காவல். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு வேலையும்தான்.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வித் தொகுப்பின் அமைப்பில் 'விசிபிலிட்டி' என்ற இடத்தைத் திறந்து 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். பொதுவில் விட்ட தொகுப்பைத் தேடி எடுத்து, சரியான விடையை முன்கூட்டியே காட்டும் பக்கங்கள் உண்டு. சில பாட்கள் அதை வைத்துத்தான் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை சொல்லி முதலிடத்தில் நிற்கின்றன. தொகுப்பை வேறொரு தமிழ் ஆசிரியரோடு பகிர வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்த பிறகு பகிருங்கள்.

பிறகு ஒரு தாளில் வகுப்புப் பட்டியலை எழுதி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுங்கள். ஆட்டத்தில் பெயர் தட்டும்போது எண்ணும் முதற்பெயரும் மட்டும் போதும்: "07 கவிதா", "12 தேவன்". கஹூட்டில் பெயருக்குப் பதினைந்து எழுத்துதான் இடம் என்பதால் நம் ஊர் நீளமான குடும்பப் பெயர்கள் அதில் அடங்காது. அடங்கினாலும் வேண்டாம். ஸூமில் திரை பகிரும்போது குழந்தையின் முழுப் பெயர் யார் யார் வீட்டிலோ தெரியும். மொரீசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. குறைவாகக் கேட்டால் நமக்கும் நிம்மதி.

தமிழ் விசைப்பலகை இல்லாத போனில் பிள்ளைகள் ரோமன் எழுத்தில் தட்டட்டும், தவறில்லை. எண் மட்டும் முன்னால் இருக்க வேண்டும். பாட் அனுப்புகிறவருக்கு உங்கள் பட்டியல் தெரியாது. டோடோ47 என்று வருவது பட்டியலில் இல்லாதது என்று பார்த்தவுடன் புரிந்துவிடும்.

கஹூட்டில் பெயரைத் தானாகவே உண்டாக்கிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. வசவுப் பெயர்களை அது அடியோடு நிறுத்திவிடும். ஆனால் பாட்டுக்கும் அதே மாதிரி அழகான பெயர்தான் கிடைக்கும். எது பிள்ளை, எது பாட் என்று பிரிக்கவே முடியாது. கிரேடு 7, 8 பிள்ளைகள் வேண்டுமென்றே கண்ட பெயரைத் தட்டும் வகுப்பாக இருந்தால் அதைப் போடுங்கள். மற்ற வகுப்புகளுக்கு எண்ணும் பெயருமே நல்லது என்பது எங்கள் கருத்து.

சேரும் இரண்டு நிமிடம்

கதவு திறந்திருப்பது இந்த நேரத்தில்தான். முப்பது பிள்ளைகள் உள்ளே வர இரண்டு நிமிடம் தாராளம். வரிசை இப்படி:

1. ஆட்ட எண்ணைக் காட்டும் முன் ஸூமில் இருப்பவர்களை எண்ணுங்கள். காத்திருப்பு அறை வசதியைப் போட்டு, பட்டியலில் உள்ள பெயரை மட்டும் உள்ளே விடுங்கள். 28 பேர் என்றால் 28ஐத் தாளில் எழுதி வட்டம் போடுங்கள். "ஐபோன்", "அப்பா போன்" என்ற பெயரில் நிற்பவர் யார் என்று கேட்டுப் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.

2. எல்லோரும் சேரும் பக்கத்தைத் திறந்துவிட்டார்களா என்று கேளுங்கள். திறந்த பிறகே எண்ணைக் காட்டுங்கள். முதலில் எண்ணைக் காட்டிவிட்டு "எந்தப் பக்கம் மிஸ்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கதவு ஐந்து நிமிடம் திறந்தே கிடக்கும்.

3. எண்ணை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். வாயால் சொல்லுங்கள், அல்லது திரையில் மட்டும் காட்டுங்கள். குழுவில் போட்டது ஒரே தட்டில் அடுத்த குழுவுக்குப் போய்விடும். திரையில் தெரியும் க்யூஆர் கட்டத்துக்குள்ளும் அதே எண்தான் இருக்கிறது.

4. உள்ளே வந்தவர் எண்ணிக்கை திரையில் தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருங்கள். 28 ஆனவுடன் பூட்டுப் படத்தை அழுத்துங்கள். இனி யாரும் சேர முடியாது.

5. 29 அல்லது 30 காட்டினால் தொடங்க வேண்டாம். ஒரே பிள்ளை போனிலும் டேப்லெட்டிலும் சேர்ந்திருக்கலாம். "07 கவிதா" இரண்டு தடவை நின்றால் ஒன்றை அழுத்தி நீக்குங்கள். பட்டியலில் இல்லாத பெயரையும் அப்படியே நீக்கலாம்.

6. இரண்டு நிமிடம் ஆகியும் ஒருவர் வரவில்லை என்றால் அவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காதீர்கள். அவர் விடையை ஸூம் அரட்டையில் உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

பூட்டாமலேயே தொடங்கிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கஹூட்டில் ஆட்டம் நடக்கும்போதும் எண் திரையின் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். நடுவிலும் புதியவர் சேரலாம். ஐந்தாம் கேள்வியில் பாட்கள் வந்து விழுவது இதனால்தான். பூட்டிய பிறகு பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அந்தப் பக்கத்தை மூடக்கூடாது, புதுப்பிக்கவும் கூடாது.

இரட்டைப் படிச் சேர்க்கையும் ஒற்றைப் போனும்

கஹூட்டில் 'டூ-ஸ்டெப் ஜாயின்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் ஆட்ட எண்ணும் பெயரும் தட்டியபின், ஆசிரியர் திரையில் தெரியும் நான்கு வடிவங்களை அதே வரிசையில் அழுத்தினால்தான் உள்ளே போக முடியும். சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம். வரிசை ஏழு வினாடிக்கு ஒருமுறை மாறும். எண்ணை மட்டும் வாங்கி வைத்திருக்கும் வெளி ஆளுக்குத் திரை தெரியாது என்பதால் அவர் அனுப்பும் சாதாரணப் பாட்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

நான்கு வடிவங்களை 24 விதமாகத்தான் அடுக்க முடியும். 24ஐயும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்க ஒரு நிரலுக்கு அதிக நேரம் பிடிக்காது. ஸூமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வரிசை கண்ணெதிரே தெரியும். எனவே இதைப் போட்டாலும் தலை எண்ணுவதையும் பூட்டுவதையும் விட்டுவிடக் கூடாது.

நம் வகுப்புகளில் இதற்கு வேறொரு சிக்கல் உண்டு. வீட்டில் ஒரே போன், அதிலேயே ஸூம், அதிலேயே கஹூட். வடிவத்தை அழுத்தப் போனால் ஸூம் திரை மறைந்துவிடும். திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவதற்குள் ஏழு வினாடி முடிந்து வரிசை மாறியிருக்கும். பகிர்ந்த திரை பிள்ளையின் போனுக்கு வந்து சேர்வதும் சற்றுத் தாமதம். மூன்று தடவை தவறினால் சிறு பிள்ளை அழுதுவிடும்.

இதற்கு வழி, வரிசையை நீங்கள் வாயால் சொல்வது. ஸூம் பின்னால் இருந்தாலும் குரல் கேட்கும். வரிசை மாறிய அந்த நொடியிலேயே "சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை" என்று விரைவாகச் சொல்லுங்கள். முக்கோணம், சாய்சதுரம் என்று சொல்லப் போனால் நேரம் போதாது. நிறம் மட்டும் போதும். இந்த நான்கும் நம் நாட்டுக் கொடியின் நிறங்களேதான். மேலிருந்து கீழாகக் கொடியிலும் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. அந்த வரிசையே திரையில் வந்தால் "கொடி!" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். கிரேடு 3 பிள்ளைகளுக்கு நிறப் பெயர்களைத் தமிழில் பழக்கவும் இது கைகொடுக்கும்.

அப்படியும் சிரமப்படும் மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். எண்ணிப் பூட்டுவதே போதும்.

மற்ற ஆட்டங்கள்

புளூக்கெட்டில் ஆட்டம் தொடங்கும் முன் வரும் அமைப்புகளில் தாமதமாகச் சேர அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். கஹூட்டில் பூட்டுப் போடுவதற்கு அங்கே இதுதான் ஈடு. புளூக்கெட்டில் பாட்டைவிட வேறொரு தொல்லை அதிகம்: உலாவியில் ஒரு நிரல் துண்டை ஒட்டித் தங்க எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது. விடை சொல்லித் தங்கம் சேர்க்கும் கோல்டு குவெஸ்ட் ஆட்டத்தில் இரண்டாம் நிமிடத்திலேயே ஒருவரிடம் கோடிக்கணக்கில் தங்கம் இருந்தால் அதுதான் காரணம். அங்கே தங்கத்தைப் பார்த்துப் பரிசு கொடுக்காதீர்கள். அறிக்கையில் எத்தனை விடை சரி என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

கிம்கிட்டில் வகுப்புப் பட்டியலை முன்பே ஏற்றிவைக்கலாம். பட்டியலில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டுதான் சேர முடியும். அது நல்ல காவல். குவிஸிஸ் இப்போது வேகிரவுண்ட் என்ற பெயரில் இயங்குகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி மின்னஞ்சல் இருந்தால், உள்நுழைந்தவர் மட்டுமே சேரலாம் என்ற அமைப்பை அங்கே போடலாம்.

நடுவில் புகுந்துவிட்டால்

முதல் வேலை, திரை பகிர்வதை நிறுத்துவது. பாட் அனுப்பிய பிள்ளைக்கு வேண்டியது வகுப்பு சிரிப்பதும் நீங்கள் தடுமாறுவதும்தான். திரை போனால் அந்த மகிழ்ச்சியும் போய்விடும். அதன் பிறகு ஆட்டத்தை முடியுங்கள். இருநூறு பெயரை ஒவ்வொன்றாக அழுத்தி நீக்க உட்காராதீர்கள். ஒன்றை நீக்குவதற்குள் பத்து வரும்.

அதே தொகுப்பைப் புதிதாகத் தொடங்கினால் புது எண் கிடைக்கும். பழைய எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கும் பாட்கள் அத்தோடு செத்தன. இரட்டைப் படிச் சேர்க்கையைப் போட்டு, இந்தத் தடவை பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக அழையுங்கள்: "ஒன்றிலிருந்து ஐந்து வரை, இப்போது சேருங்கள்." ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் கூடினால், எந்தக் கூட்டத்தை அழைத்தபோது கூடியது என்பது தெரிந்துவிடும். குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் முறையும் புகுந்தால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். அதே கேள்விகளைத் திரையில் காட்டி, பிள்ளைகளைத் தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். இதற்காகக் கேள்விகளை ஒரு பிடிஎஃப் கோப்பாகவும் முன்பே வைத்திருப்பது நல்லது.

அனுப்பிய பிள்ளையிடம்

வகுப்பு முழுவதையும் தண்டிக்காதீர்கள். செய்தது அநேகமாக ஒருவர், பார்த்துச் சிரித்தது இருவர். மற்ற இருபத்தைந்து பேரும் தங்கள் ஆட்டம் கெட்டுப்போன வருத்தத்தில் இருப்பவர்கள். அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள், பெற்றோரும் உடன் இருந்தால் நல்லது. மொரீசியஸில் 2021ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்பு, இணையக் குற்றச் சட்டம் நடப்பில் இருக்கிறதுதான். பதினொரு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்துவதை நாங்கள் சரியென்று நினைக்கவில்லை. வசவுப் பெயரால் இன்னொரு பிள்ளையைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தினால் கதை வேறு. அப்போது திரையைப் படமெடுத்து வைத்துத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பாட் அனுப்பும் பக்கங்கள் விளம்பரத்தில்தான் பிழைக்கின்றன. எதைத் தொட்டாலும் புதுப்புதுப் பக்கங்கள் திறக்கும், "இந்த நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் சேர்" என்று கேட்கும். ஏதோ ஒரு நிரலை நகலெடுத்து உலாவியில் ஒட்டச் சொல்லும் பக்கங்களும் உண்டு. அப்படி ஒட்டிய நிரல், அந்தப் பக்கத்தில் உள்நுழைந்திருக்கும் கணக்கின் விவரங்களை வெளியே அனுப்பக்கூடும். பிள்ளை அம்மாவின் போனில் இதைச் செய்திருந்தால், உலாவியில் புதிதாகச் சேர்ந்த நீட்சிகளை நீக்கி, முக்கியக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

பள்ளி அறையில் என்றால்

நேரடி வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் நல்ல மாற்று. பிள்ளைகளிடம் போனே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்களின் விடை. உங்கள் போனின் கேமராவை வகுப்பைச் சுற்றிக் காட்டினால் எல்லா விடையையும் படித்துக்கொள்ளும். சேர எண்ணே கிடையாது என்பதால் பாட் புகவும் வழியில்லை. அட்டைகளைக் கெட்டித் தாளில் அச்சிடுங்கள். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாமல் போகும். அட்டையின் கறுப்புப் பகுதியை விரல் மறைக்காமல் பிடிக்கப் பழக்க முதல் நாள் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கெட்டுப்போன அறிக்கையை மீட்பது

பாட் புகுந்த ஆட்டத்தைக் கடைசி வரை நடத்திவிட்டிருந்தாலும் மதிப்பெண் முழுவதும் போய்விடவில்லை. கஹூட் அறிக்கையை எக்ஸெல் கோப்பாக இறக்கி, பெயர் நெடுவரிசையை அகர வரிசைப்படுத்துங்கள். "01", "02" என்று எண்ணோடு தொடங்கும் பிள்ளைகள் மேலே திரண்டு நிற்பார்கள், டோடோக்கள் கீழே போய்விடும். கீழே உள்ளவற்றை அழித்துவிட்டு, மேலே இருப்பது வகுப்புப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். மொத்தப் புள்ளி விடை சொன்ன வேகத்தையும் பொறுத்தது. ஆகவே புள்ளியை எடுக்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை விடை சரி என்பதை மட்டும் உங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி வாரியாக வரும் சதவீதத்தில் பாட்களின் விடையும் கலந்திருக்கும். அதை விட்டுவிட்டு, மீதி இருக்கும் பெயர்களை வைத்துக் கையாலேயே எண்ணுங்கள். 28 பேருக்கு அது பத்து நிமிட வேலை.